'பாத்ரூம் கழுவவா ஸ்காட்லாந்து போனே?' - வெளிநாட்டு கிறிஸ்தவ சாகச முகாம்களில் வேலைக்குப் போகிறீர்களா... இதைப் படிச்சுட்டுப் போங்க!

காலை ஏழரை மணிக்கு அறுபது பேருக்கு டோஸ்ட், பேக்ட் பீன்ஸ். ஒன்பதரைக்கு ஏரியில் கேனோ படகு. மதியம் மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றுப் பாதையில் பிள்ளைகளை ஏற்றி இறக்க வேண்டும். சாயங்காலம் சொட்டச் சொட்ட நனைந்த வெட்சூட்டுகளை அலசித் தொங்கவிட வேண்டும். இரவு எட்டரை மணிக்குப் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடக் கதை. அதற்கு நடுவே எங்கேயோ கழிவறை சுத்தம் செய்யும் முறையும் வரும்.

இதுதான் பிரிட்டனில் இருக்கும் கிறிஸ்தவ அவுட்டோர் மையங்களில் ஒரு சாதாரண நாள். சர்ச் நண்பர்கள் மூலமாகவோ, கல்லூரி ஜெபக் குழு மூலமாகவோ, இணையத்தில் தேடியோ இந்த மாதிரி மையங்களுக்கு ஒரு வருடம் போய் வரலாமே என்று யோசிக்கும் இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். போட்டோவில் பார்த்தால் மலை, ஏரி, பனி, சிரிக்கும் பிள்ளைகள் என அவ்வளவு அழகு. அந்த போட்டோவில் வராத விஷயங்கள்தான் இங்கே அதிகம்.

இது என்ன மாதிரி இடம்?

நம்ம ஊரில் ஏற்காடு, ஏலகிரி, கொடைக்கானல் பக்கம் சர்ச் கேம்ப் போனவர்களுக்குப் பாதி புரியும். மீதிப் பாதி வேறு. அங்கே இது வருடம் முழுக்க நடக்கும் தொழில். மலை ஏற்றம், பாறை ஏற்றம், கயாக், கேனோ, வில்வித்தை, சைக்கிள் என எல்லாவற்றையும் பயிற்சி பெற்றவர்கள் நடத்துவார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளிக்கூடப் பிள்ளைகள். வார இறுதியில் சர்ச் குழுக்கள். கோடை விடுமுறையில் மையமே நடத்தும் முகாம்கள். நடத்துவது கிறிஸ்தவ அறக்கட்டளை. ஆனால், வருகிற பிள்ளைகளில் பெரும்பாலானோர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாத வீட்டுப் பிள்ளைகள். முஸ்லிம் பிள்ளைகளும் வருவார்கள், அவர்களுக்குச் சமையலறையில் ஹலால் தனியாக இருக்கும்.

ஸ்காட்லாந்தில் கெய்ர்ன்கார்ம் மலைகளை ஒட்டி நெதிபிரிட்ஜ் கிராமத்தில் இருக்கும் அபெர்நெதி மையம், கின்ராஸ் பக்கத்தில் ஸ்கிரிப்ச்சர் யூனியன் நடத்தும் லெண்ட்ரிக் மியூர், இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரிக்கரையில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. லேக்சைடு எல்லாம் இந்த வகையில் தெரிந்த பெயர்கள். லங்காஷயரில் இருக்கும் கேப்பர்ன்ரே ஹால் கொஞ்சம் வேறு வகை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு மேஜர் இயன் தாமஸ் தொடங்கிய இடம், வேதாகமப் பள்ளியும் முகாமும் சேர்ந்தது. அதன் கிளைகள் பல நாடுகளில் இருக்கின்றன. ஆஸ்திரியாவின் ஷ்லாட்மிங்கில் இருக்கும் டவர்ன்ஹோஃப் மலை ஏற்றத்துக்குப் பெயர் பெற்றது.

இந்தப் பழக்கம் நேற்று வந்ததில்லை. 1844-ல் லண்டனில் ஒய்.எம்.சி.ஏ. தொடங்கியபோதும், 1868-ல் வேல்ஸின் லாண்டுட்னோ கடற்கரையில் ஜோசையா ஸ்பையர்ஸ் மணலில் பிள்ளைகளை உட்காரவைத்துக் கதை சொன்னபோதும் இதன் விதை விழுந்துவிட்டது. 'பிள்ளைகளைக் கட்டடத்துக்குள் அடைக்காதே, வெளியே கூட்டிப்போ' என்ற எண்ணம்தான் அடிப்படை. நம்ம ஊர் வி.பி.எஸ்.ஸை நடத்திப் பழகியவர்களுக்கு அந்த எண்ணம் புதிதாக இருக்காது. அந்த அனுபவத்தை விண்ணப்பத்தில் தயங்காமல் எழுதுங்கள். மே மாத வெயிலில் நூறு பிள்ளைகளைப் பத்து நாள் சமாளித்தவருக்கு ஸ்காட்லாந்தின் பன்னிரண்டு பிள்ளைகள் பெரிய விஷயமே இல்லை.

முதலில் பணம், விசா

இந்தியர்களுக்குப் பொதுவாக இரண்டு வழிகள். ஒன்று, தன்னார்வலராகப் போகும் சேரிட்டி வொர்க்கர் விசா. அதிகபட்சம் 12 மாதம். மையத்துக்கு ஸ்பான்சர் உரிமம் இருக்க வேண்டும். இந்த விசாவில் சம்பளம் கிடையாது. சாப்பாடு, தங்குமிடம், செலவுகளுக்கான தொகை மட்டும் தரலாம். வேலையும் அறக்கட்டளையின் நோக்கத்தோடு நேரடியாகச் சேர்ந்த களப்பணியாக இருக்க வேண்டும். வெறும் ஆபீஸ் வேலைக்கோ, கடை வேலைக்கோ இந்த விசா கிடையாது. கையிருப்பாக 1,270 பவுண்டு 28 நாள் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும், அல்லது உங்கள் செலவுக்கு நாங்கள் பொறுப்பு என்று மையம் உறுதி தர வேண்டும். இதற்கு மேல் விசா கட்டணம், வருடத்துக்கு 1,035 பவுண்டு மருத்துவக் கட்டணம், காசநோய்ப் பரிசோதனை, விமான டிக்கெட். கூட்டிப் பாருங்கள். சம்பளமே இல்லாத ஒரு வருடத்துக்கு உங்கள் கையிலிருந்து லட்சங்களில் போகும்.

இரண்டாவது, இந்தியா யங் புரொஃபெஷனல்ஸ் திட்டம். 18 முதல் 30 வயது வரை, பட்டப்படிப்பு, கையிருப்பு 2,530 பவுண்டு. குலுக்கல் முறையில் தேர்வு, குலுக்கலில் பெயர் கொடுக்கக் கட்டணம் இல்லை. விழுந்தால் இரண்டு வருடம் இருக்கலாம், சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம். 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. மையத்திலேயே தங்கினால் அதற்காக ஒரு தொகையைக் கழிப்பார்கள். எவ்வளவு கழிக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் வரம்பு இருக்கிறது. என்னைக் கேட்டால் வயதும் படிப்பும் பொருந்துகிறவர்கள் முதலில் இந்தக் குலுக்கலைத்தான் முயன்று பார்க்க வேண்டும்.

அமெரிக்கா என்றால் கேம்ப் கவுன்சலர்களுக்கென்றே ஜே-1 விசாவில் ஒரு பிரிவு இருக்கிறது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், அதிகபட்சம் நான்கு மாதம், கோடைக்காலம் மட்டும். ஒரு கோடையைக் கழித்துவிட்டுத் திரும்ப நினைக்கும் கல்லூரி மாணவர்களுக்கு அது சரி. 'அங்கே போய் வாழ்ந்து பார்க்கணும்' என்பவர்களுக்குப் போதாது.

ஒரே ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 'கிறிஸ்தவ மையத்துல வேலை, விசா நான் வாங்கித் தரேன், எட்டு லட்சம் ஆகும்' என்று யாராவது சொன்னால் அவர் கையில் பைபிள் இருந்தாலும் சரி, கழுத்தில் சிலுவை இருந்தாலும் சரி, எழுந்து வந்துவிடுங்கள். வேலை கொடுப்பதற்காக எந்த நல்ல மையமும் பணம் வாங்காது. ஸ்பான்சர் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை பிரிட்டிஷ் அரசு தன் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. மையத்தின் பெயர் அதில் இருக்கிறதா, சேரிட்டி வொர்க்கர் பிரிவில் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. சர்ச்சில் தெரிந்தவர் சொன்னார் என்பதற்காக, நகையை அடகு வைத்து சம்பளமில்லாத வேலைக்குப் போனால், அந்த வட்டியை யார் கட்டுவது?

'நீங்கள் விசுவாசியா?' என்று கேட்பார்கள்

நேர்காணலில் இந்தக் கேள்வி வரும். சட்டம் இதை அனுமதிக்கிறது. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டப்படி, மத அடிப்படையிலான ஓர் அமைப்பு, அந்த வேலையின் இயல்புக்குத் தேவை என்று காட்ட முடிந்தால், குறிப்பிட்ட நம்பிக்கை உள்ளவரைத்தான் எடுப்பேன் என்று சொல்லலாம். பிள்ளைகளிடம் பேசுகிற, ஜெபம் நடத்துகிற பொறுப்புகளுக்கு இப்படிக் கேட்பார்கள். சமையலறை, பராமரிப்பு வேலைகளில் சில மையங்கள் இதை வற்புறுத்துவதில்லை. உங்கள் போதகரிடமிருந்து ஒரு கடிதம் கேட்பது வழக்கம்.

'எத்தனை மணிக்கு எழுந்து ஜெபிப்பீர்கள், உபவாசம் உண்டா' என்றெல்லாம் நம்ம ஊர் மாதிரி கேட்க மாட்டார்கள். 'சர்ச் உங்கள் வாழ்க்கையில் என்ன இடம்? உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரோடு எப்படி வேலை செய்வீர்கள்?' என்ற மாதிரி போகும். இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. ஒரே மையத்தில் ஆங்கிலிகன், பாப்டிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், பெந்தெகொஸ்தே, கத்தோலிக்கர் எல்லாரும் இருப்பார்கள். ஒருவர் இரவு ஒரு கிளாஸ் வைன் குடிப்பார். இன்னொருவர் பச்சை குத்தியிருப்பார். 'இவங்களெல்லாம் கிறிஸ்தவங்களா?' என்று முதல் வாரமே மனதுக்குள் தீர்ப்பு எழுதினால், மீதி ஐம்பத்தொரு வாரம் ரொம்ப நீளமாக இருக்கும்.

நம்பிக்கையைப் பேசுவதற்கும் ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். பள்ளிக் குழு வந்தால், ஆசிரியர்களோடு முன்கூட்டியே பேசி, எது வரை பேசலாம் என்று முடிவு செய்திருப்பார்கள். இரவு ஒரு சின்னக் கதை, ஒரு கேள்வி, அவ்வளவுதான். 'கையைத் தூக்கு, முன்னால வா' என்ற அழைப்பு பள்ளிப் பிள்ளைகளிடம் கிடையாது. பெற்றோர் அனுப்பியது கயாக் ஓட்டக் கற்றுக்கொள்ள. அந்த நம்பிக்கையை உடைக்கக் கூடாது என்பது அவர்களின் நிலை. நம்ம கன்வென்ஷன் கூட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது முதலில் 'தண்ணி கலந்த மாதிரி' தெரியும். ஆனால், பாறையில் பாதியில் பயந்து அழுகிற பிள்ளைக்குக் கீழே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் பொறுமையாகப் பேசுகிறார்களே, அவர்களுக்கு அதுவும் ஊழியம்தான்.

உயிர் உங்கள் கையில்

1993 மார்ச் 22. தெற்கு இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் கயாக் பயணம் போன பள்ளி மாணவர்களில் நான்கு பேர் கடலில் இறந்துபோனார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் 1995-ல் இதற்கென்றே பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அன்றிலிருந்து பாறை ஏற்றம், நீர் விளையாட்டு, மலை நடை, குகைப் பயணம் ஆகியவற்றைப் பணம் வாங்கிக்கொண்டு 18 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு நடத்துகிறவர்கள் உரிமம் பெற வேண்டும். மையத்தில் சேர்ந்த முதல் வாரங்களில் உங்களுக்குக் கிடைக்கும் அத்தனை தாள்கள், அத்தனை 'செக்'குகள், அத்தனை கையெழுத்துகளுக்கும் பின்னால் அந்த நான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள். 'ஒரு தடவை பார்த்தாச்சே, எதுக்கு மறுபடி ஹெல்மெட் பக்கிளைப் பார்க்கணும்?' என்று சலிப்பு வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்தவரை நேராகத் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். அந்த மையத்தின் பாறை, அந்த மையத்தின் ஏரி, அந்த மையத்தின் கயிறு என்று இடத்துக்கு ஏற்ற பயிற்சி தந்து, தேறினீர்கள் என்று கையெழுத்திட்ட பிறகுதான் தனியாகக் குழுவை நடத்த முடியும். நீச்சல் தெரியாமல் போகாதீர்கள். நம்மில் பலருக்கு நீச்சல் என்றால் கிணற்றில் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் குதித்ததோடு சரி. போவதற்கு ஆறு மாதம் முன்பே ஊரில் ஒரு நீச்சல் குளத்தில் சேர்ந்துவிடுங்கள். குளிர்ந்த ஏரி நீரில் விழுந்தால் முதல் நிமிடம் மூச்சு வாங்கும், கை கால் உங்கள் பேச்சைக் கேட்காது. அப்போது பதறாமல் மிதப்பதையும் அங்கே சொல்லித் தருவார்கள்.

டார்ஜிலிங்கிலோ உத்தரகாசியிலோ அடிப்படை மலையேற்றப் பயிற்சி முடித்தவர்கள் இருந்தால் அது நல்ல பலம். ஆனால், பிரிட்டனில் அவர்களுக்கென்று தனிச் சான்றிதழ்கள் இருக்கின்றன. உதாரணத்துக்கு மவுண்டன் லீடர் தேர்வுக்குப் போக குறைந்தது 40 நாள் மலை அனுபவத்தைப் பதிவேட்டில் காட்ட வேண்டும், 16 மணி நேர முதலுதவிப் பயிற்சியும் வேண்டும். ஒரு வருடத்தில் இதை முடிப்பது கடினம், தொடங்கலாம்.

பிள்ளைகள் பாதுகாப்பில் இன்னும் கண்டிப்பு. இந்தியாவிலிருந்து போலீஸ் சான்று கேட்பார்கள். அங்கே போனதும் இங்கிலாந்து, வேல்ஸில் டி.பி.எஸ்., ஸ்காட்லாந்தில் பி.வி.ஜி. என்ற பின்னணிச் சோதனை உண்டு. ஒரு பிள்ளையோடு அறையில் தனியாக இருக்கக் கூடாது. உங்கள் போனில் பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாது, முகாம் முடிந்து இன்ஸ்டாகிராமில் நட்பு வேண்டுகோள் வந்தாலும் ஏற்கக் கூடாது. நம்ம ஊர் அக்கா, அண்ணன் போல் கன்னத்தைக் கிள்ளுவது, மடியில் உட்கார வைப்பது எதுவும் கூடாது. நமக்கு இதெல்லாம் பாசம். அங்கே இதற்கு இடமில்லை, இதில் வருத்தப்படவும் ஒன்றுமில்லை.

ஒரு பிள்ளை உங்களிடம் வந்து, 'யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லுங்க, ஒண்ணு சொல்றேன்' என்று ஆரம்பித்தால் அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். 'உனக்கு உதவ வேண்டியிருந்தால் ஒருவரிடம் சொல்ல வேண்டியிருக்கும்' என்று நேராகச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். தோண்டித் துருவாதீர்கள். அது சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி, மையத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றே கொடுங்கள். வீட்டில் அடி வாங்குகிற, அதைவிட மோசமானதைத் தாங்குகிற பிள்ளைகள், வீட்டை விட்டு முதல்முறை வெளியே வந்த மூன்றாம் நாள் வாயைத் திறப்பது நடக்கிற ஒன்று. நீங்கள் அன்று எழுதும் அரைப் பக்கம் அந்தப் பிள்ளைக்குப் பெரிய கதவாக இருக்கலாம்.

துடைப்பமும் தாளிப்பும்

'நான் இன்ஜினீயரிங் படிச்சவன்/ள், என்னை டாய்லெட் கழுவச் சொல்றாங்க' என்பதுதான் நம்மவர்கள் வீட்டுக்குப் போன் செய்து சொல்லும் முதல் புகார். அம்மா அந்தப் பக்கம், 'பாத்ரூம் கழுவவா அவ்ளோ தூரம் போனே?' என்று அழ ஆரம்பித்துவிடுவார். அங்கே மையத்தின் தலைவரே மழைக்காலத்தில் சாக்கடை அடைப்பை எடுப்பார். நம்ம வீடுகளில், சர்ச்சுகளில், அந்த வேலைக்கென்று 'வேறு யாரோ' இருக்கிறார்கள். அந்த 'வேறு யாரோ' யார் என்பது நமக்கு நன்றாகவே தெரியும். அங்கே அப்படி ஒரு ஆள் இல்லை. அவ்வளவுதான் விஷயம். இந்த ஒன்றில் மனம் பழகிவிட்டால் மீதியெல்லாம் சுலபம்.

மேலதிகாரியை 'சார்', 'பாஸ்டர்', 'ஐயா' என்று கூப்பிட்டால் சிரிப்பார்கள். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், வயது அறுபது என்றாலும். நாக்கு வராது, ஒரு மாதம் ஆகும். 'ஆர் யூ ஆல் ரைட்?' என்றால் உங்கள் உடம்புக்கு என்ன என்று கேட்கவில்லை, அது வெறும் வணக்கம். 'நீங்கள் ஒருவேளை இதை வேறு மாதிரி செய்து பார்க்கலாமோ' என்றால் அது யோசனை இல்லை, 'உடனே மாற்று' என்ற உத்தரவு. வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 'டீக்கு வா' என்றால் பல வீடுகளில் அது இரவுச் சாப்பாடு. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போய் முழிக்காதீர்கள். ஒரு வேலை தெரியாவிட்டால் 'தெரியாது' என்று சொல்லிவிடுவது அங்கே மரியாதைக் குறைவு இல்லை. நாம் தலையை ஆட்டி 'சரி சரி' என்று சொல்லிவிட்டுப் பிறகு பக்கத்து ஆளிடம் கேட்போமே, கயிறு கட்டுகிற இடத்தில் அந்தப் பழக்கம் ஆபத்து.

சாப்பாடு? மதியம் சாண்ட்விச், சிப்ஸ், ஒரு ஆப்பிள். திங்கள் முதல் ஞாயிறு வரை இதேதான். இரண்டாவது வாரத்தில் ஒரு கை ரசம் சாதத்துக்கு உயிரையே கொடுக்கலாம்போல் இருக்கும். ஊழியர் விடுதியில் சமையலறை உண்டு. சீரகம், மிளகு, பெருங்காயம், புளி ஆகியவற்றைக் கொஞ்சமாகக் கொண்டுபோங்கள், தீர்ந்தால் கிளாஸ்கோ, மான்செஸ்டர் போன்ற ஊர்களின் ஆசியக் கடைகளில் கிடைக்கும், ஆன்லைனிலும் வரும். ஆனால், காய்ந்த மிளகாயை எண்ணெயில் போடுவதற்கு முன்னால் ஜன்னலைத் திற, கதவைச் சாத்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடு! அந்தக் கமறலுக்குப் புகை எச்சரிக்கை மணி அடித்தால், ராத்திரி பத்து மணிக்கு அறுபது பிள்ளைகளும் பைஜாமாவோடு மைதானத்தில் வந்து வரிசையில் நிற்பார்கள். அதற்குப் பிறகு வருடம் முழுக்க உங்கள் பெயர் அதுதான்.

துணியில் ஒரு விதி: மலைக்கு ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே மெல்லிய செயற்கை இழை அல்லது கம்பளி, நடுவில் ஃப்ளீஸ், மேலே மழைக்கோட் என மூன்று அடுக்கு. சென்னையில் பெரிய விலை கொடுத்து ஸ்வெட்டர் வாங்கி மூட்டை கட்டாதீர்கள். அங்கே சேரிட்டி ஷாப் என்ற பழைய துணிக் கடைகளில் நல்ல சரக்கு மலிவாகக் கிடைக்கும். நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வையுங்கள், காலைக்குள் ஈரத்தை இழுத்துவிடும். ஸ்காட்லாந்து கோடையில் 'மிட்ஜ்' என்ற பொடிக்கொசு கூட்டம் கூட்டமாக வரும். நம்ம ஊர்க் கொசு அதன் முன்னால் ரொம்ப நாகரிகமானது. புல்லில் நடந்து வந்தால் உண்ணி கடித்திருக்கிறதா என்று தினமும் உடம்பைப் பாருங்கள், லைம் நோய் அதனால் வருவது.

நவம்பரில்தான் நிஜமான பரீட்சை

கோடையில் சேர்ந்தவர்கள் ஏமாந்துபோவார்கள். ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் வடக்கில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். வேலை, விளையாட்டு, சிரிப்பு என்று நாள் ஓடிவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதிலிருந்து இறக்கம்தான். டிசம்பரில் கெய்ர்ன்கார்ம் பக்கம் விடிய எட்டே முக்கால் தாண்டும், மதியம் மூன்றரை மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். பள்ளிக் குழுக்களும் குறையும். வருடம் முழுக்க ஒரே மாதிரி பகல் பார்த்து வளர்ந்த உடம்பு நம்முடையது. காரணமே இல்லாமல் தூக்கம், அழுகை, எதிலும் விருப்பமில்லாமை, 'நான் ஏன் இங்க வந்தேன்' என்ற கேள்வி எல்லாம் வரும்.

இதை 'விசுவாசக் குறைவு' என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், யாரும் சொன்னாலும் ஏற்காதீர்கள். இது வெளிச்சக் குறைவாகவும் இருக்கலாம். இலையுதிர், குளிர் காலங்களில் எல்லோரும் தினமும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுக்க யோசியுங்கள் என்று அங்குள்ள பொதுச் சுகாதாரச் சேவையே சொல்கிறது. நம்மைப் போல் கறுத்த தோல் உள்ளவர்கள் வருடம் முழுக்க எடுக்க யோசிக்கலாம் என்றும் சொல்கிறது. மதியம் வெளிச்சம் இருக்கும் அரை மணி நேரம் வெளியே நடந்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் எழவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். மருத்துவக் கட்டணம் ஏற்கெனவே கட்டியிருக்கிறீர்கள், உள்ளூர் மருத்துவரைப் பார்க்கக் காசில்லை. அதற்கு நீங்கள் வந்த முதல் வாரமே உள்ளூர் மருத்துவமனையில் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் மருந்துச் சீட்டுக்கும் கட்டணம் கிடையாது.

குளிர்காலத்தின் உச்சம் கிறிஸ்துமஸ். ஊரில் கேரல் ரவுண்ட்ஸ், புதுத்துணி, பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு. அங்கேயோ, உலகத்திலேயே கிறிஸ்துமஸைக் கொண்டாட வேண்டிய இடம் என்று நீங்கள் நினைத்த மையம் பூட்டிக் கிடக்கும். எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். டிசம்பர் 25 அன்று பிரிட்டனில் ரயிலே ஓடாது. இருபது அறை விடுதியில் தனியாக நீங்கள், ஜன்னலுக்கு வெளியே இருட்டு. 'யாராவது கூப்பிடுவார்கள்' என்று காத்திருக்காதீர்கள். அங்கே அழைக்காமல் இருப்பது அன்பில்லாததால் இல்லை, உங்கள் தனிமைக்குள் நுழையக் கூடாது என்ற தயக்கம். நவம்பரிலேயே, 'கிறிஸ்துமஸுக்கு எனக்குப் போக இடமில்லை' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டு மூன்று அழைப்புகள் வந்துவிடும். லண்டனில் தமிழ்ச் சபைகள் இருக்கின்றன. 23, 24 தேதிகளிலேயே போய்ச் சேர்ந்துவிட்டால் கீர்த்தனையும் பிரியாணியும் கிடைக்கும்.

புது வருட இரவில் வாக்குத்தத்த அட்டை எடுத்துப் பழகியவர்களுக்கு ஸ்காட்லாந்தின் ஹாக்மனே வித்தியாசமாக இருக்கும். நள்ளிரவுக்குப் பிறகு வீட்டுக்குள் முதலில் காலடி வைக்கிறவர் கருத்த தலைமுடிக்காரராக இருந்தால் அந்த வருடம் நல்ல வருடம் என்று அங்கே பழைய நம்பிக்கை. அந்த ஓர் இரவு உங்களுக்கு நல்ல கிராக்கி!

ஞாயிறும் விடுமுறை நாளும்

கிராமத்து சர்ச்சில் முப்பது பேர் இருக்கலாம், பெரும்பாலும் தலை நரைத்தவர்கள். ஒரு மணி நேரத்தில் ஆராதனை முடியும். செருப்பைக் கழற்ற வேண்டாம். சத்தமாக 'அல்லேலூயா' வராது. முடிந்ததும் டீயும் பிஸ்கெட்டும் தருவார்கள், அதற்கு மட்டும் ஓடிவிடாமல் நில்லுங்கள். உங்களைக் காரில் கடைக்குக் கூட்டிப்போகிற, காய்ச்சலில் சூப் கொண்டுவருகிற பாட்டி அந்த டீ மேசையில்தான் கிடைப்பார். மையத்துக்கு வெளியே உங்களுக்கு ஒரு மனிதராவது வேண்டும். ஏனென்றால், மையத்தில் உங்கள் முதலாளி, அறைத் தோழர், ஜெபக் குழுத் தலைவர், பக்கத்து இருக்கையில் சாப்பிடுகிறவர் எல்லாம் ஒரே ஆறு பேர். அவர்களில் ஒருவரோடு மனஸ்தாபம் வந்தால் போக வேறு இடமில்லை.

அதனால்தான் விடுமுறை நாளை மையத்துக்கு வெளியே கழியுங்கள். 'ஊழியத்துக்கு வந்தவங்களுக்கு லீவு என்ன' என்ற குற்ற உணர்ச்சியில் லீவு நாளிலும் பாத்திரம் கழுவுகிற நல்ல பிள்ளைகள் ஐந்தாவது மாதத்தில் சுருண்டுவிடுவார்கள். தன்னார்வலர் என்பதற்காக ஓய்வில்லாமல் வேலை வாங்கினால், வருவதற்கு முன் எழுதிக் கொடுத்த நேர அட்டவணையைக் காட்டிக் கேளுங்கள். எழுதித் தராத மையத்துக்குப் போகவே வேண்டாம். பேருந்து குறைவான ஊர்கள் இவை. இந்திய ஓட்டுநர் உரிமம் இருந்தால் அங்கே குடியேறிய முதல் 12 மாதம் கார் ஓட்டலாம். ஆனால், பிள்ளைகள் ஏறும் மினிபஸ்ஸுக்கு மையத்தின் விதிகள் தனி. வங்கிக் கணக்கு தொடங்க முகவரிச் சான்றாக மையத்திடம் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். விசா இப்போது அட்டையாக வருவதில்லை, மின்விசாதான். அந்த இணையக் கணக்கின் கடவுச்சொல்லை மறந்துவிடாதீர்கள்.

வருடம் முடிந்ததும்?

பெற்றோர் மனதில் இருக்கும் கேள்வி இதுதான்: 'அங்கயே செட்டில் ஆயிடலாமா?' பெரும்பாலும் முடியாது. 2025 ஜூலையிலிருந்து திறன்பணியாளர் விசாவுக்குப் பட்டப்படிப்பு அளவிலான வேலை வேண்டும் என்று விதியை இறுக்கிவிட்டார்கள். சாகசப் பயிற்றுநர் வேலை பொதுவாக அந்த வரையறைக்குள் வருவதில்லை. இதை வீட்டில் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு வருடம் கழித்துத் தெரிந்தால் 'அங்கே ஏதோ தப்பு பண்ணிட்டு வந்துட்டான்' என்று ஊர் பேசும்.

கையோடு கொண்டுவரக் கூடியது வேறு. போன முதல் நாளிலிருந்தே ஒரு பதிவேடு எழுதுங்கள். எந்த மலை, எத்தனை மணி நேரம், என்ன வானிலை, எத்தனை பிள்ளைகள், யார் மேற்பார்வை என்று அன்றன்றே எழுதினால்தான் பிறகு சான்றிதழுக்கு எண்ணிக் காட்ட முடியும்; மாதக் கடைசியில் ஞாபகத்திலிருந்து எழுதினால் பாதி போய்விடும். முதலுதவிச் சான்றிதழ்கள் பொதுவாக மூன்று வருடம்தான் செல்லும், தேதியைக் குறித்துவையுங்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே மையத்தலைவரிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். நீங்கள் பிள்ளைகளோடு என்ன செய்தீர்கள் என்பதை விவரமாக எழுதித் தரச் சொல்லுங்கள். 'கடின உழைப்பாளி, நல்ல விசுவாசி' என்ற ஒற்றை வரிக் கடிதத்தை வைத்துக்கொண்டு இங்கே எந்தப் பள்ளியிலும், எந்த மலையேற்ற நிறுவனத்திலும் ஒன்றும் செய்ய முடியாது.